கடைசிக் குங்குமம்

பிரிக்பீல்ட்ஸ்
14.3.1994

முருகன் துணை

அன்பு மருமகள் ரமணிக்கு, உன் தாய்மாமன் இராமலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தையும், மகன் வாசுவும் அவன் பெண்சாதியும் சௌக்கியம். என் முட்டிவலி என்னைவிட சௌக்கியம். பந்திங்கில் நீயும் பாப்பாவும் எப்படி?

நடந்தது எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். தீபாவளிக்கு உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "உன் ஆரத்தித் தட்டைக் கோலாலம்பூர்க்காரன் ஒருதடவை பார்த்தா விடமாட்டான், எழுதி வச்சுக்க" என்று சொன்னேனா இல்லையா? நீ எழுதி வைக்கவில்லை. நான் மனசில் எழுதி வைத்திருந்தேன்.

செராஸ் மண்டபத்துக் கல்யாணக் கண்காட்சியில் நம் கடைக்கு ஒரு பக்கம் மணவறை அலங்காரம், மறுபக்கம் வீடியோக்காரன். மத்தியானத்துக்குள் வீடியோக்காரன் தன் வியாபாரத்தை விட்டுவிட்டு உன் தட்டுகளைப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டான். கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீஸ் வந்தது. டத்தோ பட்டம் வாங்கிய ஒருவரின் மனைவி, நீ பட்டுப்பாவாடையும் வேட்டியும் கட்டிவிட்ட தேங்காய் ஜோடியைப் பார்த்து, "இதுங்களுக்கு முகூர்த்தம் என்னைக்கு அண்ணே?" என்று கேட்டார். ஜவ்வரிசியில் நீ செய்த அன்னப்பறவைக்கு வாசு கார் குலுக்கலில் கழுத்து ஒடிந்துவிட்டது. சூயிங் கம் மென்று ஒட்டினேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பெரிய ஆர்டர் கிள்ளானில் இருந்து. சீதாலெட்சுமி என்று ஒரு அம்மா. இளைய மகளுக்கு வைகாசியில் கல்யாணம். ஆரத்தித் தட்டு, சீர்த் தட்டு எல்லாமே உன் கையால் வேண்டுமாம். மூன்றாம் வகுப்போடு நின்ற உன் மாமன் என்ன பேசி விற்றான் என்று கேட்காதே. அது வியாபார ரகசியம்.

பாப்பாவுக்கு என் ஆசி. மழை நாள், தலையை நன்றாகத் துவட்டச் சொல்.

உன் மாமன்,
இராமலிங்கம்

*

பந்திங்
22.3.1994

அன்புள்ள மாமாவுக்கு ரமணி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். முட்டிக்கு வேப்பெண்ணெய் தடவுகிறீர்களா, இல்லை அதையும் சும்மா சொல்கிறீர்களா?

காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்த வாசு எல்லாம் சொன்னான். போலீஸ் வந்தது ரோட்டில் நிறுத்திய கார்களுக்காம். இருந்தாலும் உங்கள் கடிதத்தைத்தான் இரண்டாவது முறை படித்தேன்.

கண்காட்சிக்கு நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே நீங்கள் போய் நின்றீர்கள். வாசு கல்யாணத்தன்று நான் சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யாரும் என்னை உள்ளே போகச் சொல்லவில்லை. நானேதான் போனேன்.

ஒன்று கேட்க வேண்டும். கல்யாணச் சாமான், யார் கை செய்தது என்று கேட்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். அவர் போனதைச் சொன்னீர்களா? லோரி கவிழ்ந்து மூன்று வருடம் ஆனதை, நான் இப்படி இருப்பதை, மறைக்க வேண்டாம் மாமா. மறைக்கத் தேவையும் இல்லை. தட்டு முழுதும் என் வேலை என்றாலும் நடுவில் வைக்கும் கடைசிக் குங்குமத்தை நான் தொடுவதில்லை. பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா குளித்துவிட்டு வந்து வைப்பார். முதல் தட்டிலிருந்தே அப்படித்தான். கேட்பவர்களிடம் அதைச் சொன்னால் போதும். ஒப்புக்கொள்பவர்கள் வாங்கட்டும்.

அத்தைக்கு என் வணக்கம். பாப்பா உங்களுக்கு ஒரு மயில் வரைந்திருக்கிறாள், கூடவே வைத்திருக்கிறேன்.

ரமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
30.3.1994

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது. வீட்டில் அனைவரும் நலம். மயில் வந்து சேர்ந்தது. பார்த்தால் கோழி மாதிரி இருக்கிறது, ஆனால் ராஜவம்சத்துக் கோழி. கண்ணாடி போடக் கொடுத்திருக்கிறேன்.

போலீஸ் விஷயம் வாசுவுக்கு என்ன தெரியும்? அவன் வெளியே பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தான். நான் ரயில்வேயில் இருந்தவன். கூட்டம் எது, கார் எது என்று எனக்குத் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டரே வண்டி லேட்டானால் என்னிடம்தான் கேட்பார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சொன்னேன் அம்மா. எல்லாவற்றையும் சொன்னேன். சீதாலெட்சுமி அம்மா உன் அன்னத்தைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அதனால என்ன அண்ணே, கைதானே முக்கியம்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் தலையை ஆட்டினார்கள். மணவறைக்காரன் கண்ணைத் துடைத்தான்.

இனி அதைப்பற்றிக் கவலைப்படாதே. கல்கண்டு விலை ஏறும் முன் வாங்கி வை. உன் அத்தை உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள், வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இராமலிங்கம்

*

பந்திங்
6.4.1994

அன்புள்ள மாமா, அத்தை இருவருக்கும் வணக்கம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். இதை உண்மையாகவே எழுதுகிறேன்.

கடிதம் வந்தபோது அடுப்பில் பால் இருந்தது. அந்த அம்மா சொன்னதைப் படித்துவிட்டு நின்றேன். பால் பொங்கி, வழிந்து, அடுப்பும் அணைந்துவிட்டது. பாப்பா வந்துதான் என்னை உலுக்கினாள்.

மூன்று வருடத்தில் எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அதெல்லாம் நான் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்கிற ஆறுதல். இது அப்படி இல்லை. பெட்டியிலிருந்து மாம்பழக் கலர் சேலையை எடுத்தேன். உடுத்தவில்லை. வெயிலில் காயப்போட்டேன்.

கிள்ளான் அம்மாவுக்குக் கல்கண்டில் ஒரு கோபுரம் செய்கிறேன். பந்திங் ரோட்டில் அது உயிரோடு போய்ச் சேராது. துண்டுதுண்டாகக் கொண்டுபோய் மண்டபத்தில்தான் அடுக்க வேண்டும். அதற்கு நான் வருவேன். அவரை ஒருமுறை நேரில் பார்த்துக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது.

பாப்பா சொல்கிறாள்: அது கோழி இல்லையாம்.

ரமணி

*

கிள்ளான்
2.5.1994

திருமதி ரமணி சபாபதி அவர்களுக்கு
(பிரிக்பீல்ட்ஸ், திரு. இராமலிங்கம் வீட்டு முகவரிக்கு)

அன்புச் சகோதரிக்கு சீதாலெட்சுமி எழுதுவது. நீங்களும் உங்கள் கணவரும் குழந்தையும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். இங்கே கல்யாண வேலையில் சாப்பிடவும் நேரமில்லை, மற்றபடி சுகம்.

கண்காட்சியில் உங்கள் மாமா உங்களைப் பற்றிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் லோரி வேலை முடிந்து வந்து, களைப்பைப் பார்க்காமல் தட்டுக்கு விளிம்பு வெட்டிக் கொடுப்பாராமே. நீங்கள் குங்குமம் வைத்த பிறகுதான் அவர் சாப்பிட உட்காருவாராமே. கேட்கவே நிறைவாக இருந்தது. வேறு இரண்டு கடையில் விலை குறைவாகத்தான் சொன்னார்கள். நான் உங்களிடம் கொடுத்ததே அந்தக் கைக்காகத்தான்.

என் மூத்தவளின் புருஷன் கல்யாணமான வருஷமே போய்விட்டார். அவள் என்னோடுதான் இருக்கிறாள். அப்போது எதைக் கவனிக்காமல் விட்டேன் என்று தினமும் யோசிக்கிறேன். இளையவளுக்கு எல்லாம் நல்ல கையால் நடக்க வேண்டும். ஆகவே ஜூன் 5-ஆம் தேதி முகூர்த்தத்துக்கு நீங்கள் தம்பதியாக வந்து, நீங்களே முதல் ஆரத்தி எடுக்க வேண்டும். மறுக்கக் கூடாது.

குழந்தைக்கு என் முத்தம்.

சீதாலெட்சுமி

*

பிரிக்பீல்ட்ஸ்
9.5.1994

மரியாதைக்குரிய சீதாலெட்சுமி அம்மாவுக்கு இராமலிங்கம் பணிவுடன் எழுதுவது. தங்கள் இல்லத்தார் நலம் பெறுக.

தங்கள் கடிதத்தைப் படித்ததும் மருமகள் ஆனந்தக் கண்ணீர் விட்டாள். ஆனால் மாப்பிள்ளைக்கு அந்த வாரம் குவாந்தானுக்கு லோரி. முதலாளி லீவு கொடுக்கிற ஆள் இல்லை. மருமகளுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது, பஸ் ஏற முடியாது. தட்டுகளை நானே கொண்டுவந்து அடுக்கிக் கொடுப்பேன். கோபுரம் அடுக்குவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

பெண்ணும் மாப்பிள்ளையும் நூறாண்டு வாழ்க.

இராமலிங்கம்

*

பிரிக்பீல்ட்ஸ்
9.5.1994

அன்பு மருமகள் ரமணிக்கு மாமன் எழுதுவது. நாங்கள் நலம். பாப்பாவின் மயிலைக் கோழி என்றதற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

கிள்ளானில் இருந்து கடிதம் ஏதும் வரவில்லை. நல்ல குடும்பம், எழுத நேரம் இருக்காது. நீ மண்டபத்துக்கு வரவேண்டிய அவசியமே இல்லை அம்மா. கிள்ளானில் ஒரு விஷக் காய்ச்சல் சுற்றுகிறதாம். பாப்பாவை வைத்துக்கொண்டு எதற்கு? அந்த ரோட்டையும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவும் கொஞ்சம் கூச்ச சுபாவம், நன்றி சொன்னால் ஓடி ஒளிந்துகொள்வார். எந்தத் துண்டு எதன் மேல் என்று கோபுரத்துக்குப் படம் போட்டு அனுப்பு. மற்றதை மாமன் பார்த்துக்கொள்வேன்.

உடம்பைக் கவனி.

இராமலிங்கம்

*

பந்திங்
23.5.1994

அன்புள்ள மாமாவுக்கு ரமணி எழுதுவது. இங்கே சுகம். உங்கள் முட்டியை விசாரித்து எழுதுகிறேன்.

நீங்கள் கோபுரம் அடுக்கினால் அது கிள்ளான் பாலம் மாதிரி நீளமாகத்தான் வரும். நான் வருகிறேன். பாப்பாவை இராஜம்மா அக்கா பார்த்துக்கொள்வார். அவர் முந்தின நாளே எல்லாத் தட்டுக்கும் குங்குமம் வைத்துவிடுவார். கோபுரத் தட்டு மட்டும் பாக்கி, அதற்கு அங்கே கல்யாண வீட்டில் யாரையாவது வைக்கச் சொல்லிக்கொள்கிறேன். அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

இராஜம்மா அக்கா மருமகன் வேனில் தட்டுகள் வருகின்றன. நான் முதல் பஸ்ஸில் வருவேன். கிள்ளான் பஸ் நிலையத்தில் நில்லுங்கள். எனக்கு மண்டபம் தெரியாது. தனியாக நுழையவும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

மாம்பழக் கலர் சேலைக்கு இஸ்திரி போட்டுவிட்டேன்.

ரமணி

*

பந்திங்
10.6.1994

மாமா அவர்களுக்கு,

பஸ் நிலையத்தில் உங்களைக் காணவில்லை. முட்டிவலியாக இருக்கும் என்று நினைத்து, வழி கேட்டுக்கொண்டே போனேன்.

கோபுரத்தை அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது அந்த அம்மா வந்தார். நான் வாய் திறக்கும் முன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இடுப்பு வலியோட வந்துட்டீங்களேம்மா. வீட்டுக்காரர் இன்னும் குவாந்தான்லதானா?" என்று கேட்டார்.

முதலில் வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் என் நெற்றியைப் பார்த்தார். திருநீறு மட்டும்தான் இருந்தது. "அட, வேர்வையில பொட்டு அழிஞ்சு போச்சே" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த சிமிழைத் திறந்தார். அவர் விரல் என் நெற்றிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் மாமா? அதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதற்குள் நான் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். அவருக்குப் பின்னால் மணப்பெண் நின்றாள். நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. "நாளைக்குத்தான் வருவாரும்மா" என்றேன்.

சிமிழை என் கையிலேயே கொடுத்து, "கோபுரத்துக்குக் கடைசிக் குங்குமம் உங்க கையாலயே வைங்க" என்றார். வைத்தேன். முதல் ஆரத்தியும் எடுத்தேன். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அந்தக் காலை முழுதும் அவர் குவாந்தானில் இருந்தார் மாமா. லோரியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வரப்போகிறார். எனக்குத் தெரியும், இருந்தாலும் அப்படித்தான் நடமாடினேன். பந்தியில் பாயசம்கூடக் கேட்டு வாங்கிக் குடித்தேன். திரும்பி வரும்போது பந்திங் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் முந்தானையால் நெற்றியைத் துடைத்தேன். சேலையில் கறை போகவில்லை.

உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் திட்டவே இல்லை. நீங்கள் சொன்னது வாய்ப் பொய். நான் அந்தப் பொய்யைத் தட்டில் வைத்து ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

ரமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
28.6.1994

அன்பு மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அத்தையிடம் காட்டவில்லை.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு இப்படி ஆனதே இல்லை. அன்று முட்டி வலிக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நேரம் போய்விட்டது.

பாப்பா நலமா? ஊறுகாய் வந்து சேர்ந்ததா? ஒரு வரி எழுதினாலும் போதும்.

மாமன்

*

பந்திங்
25.7.1994

மாமாவுக்கு,

நாங்கள் நலம். ஊறுகாய் கிடைத்தது, அத்தைக்குச் சொல்லுங்கள்.

ஆர்டர் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். தட்டு, மணி, பாசி எல்லாவற்றையும் கட்டி இராஜம்மா அக்கா வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். அவர் வீட்டில் போன் அடித்தால் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். கிள்ளானில் அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சொல்லத்தான் அடிக்கிறது என்று தோன்றுகிறது. இதெல்லாம் நம்பக்கூடாது என்று எனக்கும் தெரியும். பகலில் தெரியும்.

ஒரே ஒரு உதவி. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று போய்ப் பார்த்து எழுதுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள் மாமா.

ரமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
15.8.1994

முருகன் துணை

அன்பு மருமகள் ரமணிக்கு உன் தாய்மாமன் இராமலிங்கம் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வாசு பெண்சாதிக்கு மசக்கை தீர்ந்து இப்போது ரொட்டி சானாயைக் கண்டால் விடுவதில்லை.

கிள்ளானுக்குப் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், உட்கார இடமிருந்தும். ஆடி மாதம் அல்லவா, அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியிலிருந்தே பார்த்தேன். ஊஞ்சலில் கால் நீட்டி உட்கார்ந்து மாங்காயை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். புருஷன்காரன் பக்கத்தில் நின்று, "எனக்கு ஒண்ணு குடு லா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். கொடுக்கவில்லை. கன்னம் இரண்டும் கல்யாணப் படத்தில் இருப்பதைவிடப் பெரிதாகிவிட்டன. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை ரமணி. நன்றாக இருக்கிறாள்.

அப்படியே திரும்பி வந்திருக்கலாம். பாதித் தெரு வந்துவிட்டேன். பிறகு போய்க் கேட்டைத் தட்டினேன். தண்ணீர் கொண்டுவந்தது அந்த மூத்த மகள். நெற்றியில் திருநீறு. உனக்கு இருப்பது மாதிரியே. தண்ணீரை வாங்கிக்கொண்டேனே தவிர, குடிக்கத் தோன்றவில்லை.

சீதாலெட்சுமி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை சபாபதி போய் மூன்று வருடம் ஆனதை, குவாந்தான் லோரியை நான் வாயாலேயே ஓட்டியதை, அவர் உனக்கு எழுதிய கடிதத்தை நான் மறைத்ததை. என் மருமகள் ஒரு தட்டிலும் கடைசிக் குங்குமம் வைத்ததில்லை, இராஜம்மாவின் கைதான் வைக்கும், அன்று நீங்கள் சிமிழைக் கையில் கொடுத்ததால் உங்கள் பெண்ணின் முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல் வைத்தாள் என்றும் சொன்னேன். குங்குமத்தைப் பற்றி நீ எனக்கு எழுதியதைக் கண்காட்சியன்றே சொல்லியிருந்தால் உண்மையே விற்றிருக்கும். போகும் முன் உன்னிடம் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. என் வாய்க்கு உன் தொழிலைவிட அவசரம்.

அந்த அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு லேசாகச் சிரித்து, "அதனால என்ன அண்ணே, கைதானே முக்கியம்" என்றார்.

இன்னொரு விஷயம். வாசு பெண்சாதிக்குப் புரட்டாசிக்கு முன் வளைகாப்பு. தட்டு உன் கை. குங்குமமும் உன் கைதான், இராஜம்மாவைக் கூப்பிடக் கூடாது. நீ சமையல்கட்டுப் பக்கம் போனால் நான் அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்வேன், விசேஷம் அங்கேதான் நடக்கும். உன் அத்தையிடம் சொன்னேன். முதலில் பாத்திரத்தை உருட்டினாள். பிறகு, "தட்டுக்குப் பச்சை பார்டர் வைக்கச் சொல்லுங்க" என்றாள். வாசுவைக் கேட்டுப்பார், அவன் பக்கத்தில்தான் இருந்தான்.

பாப்பாவையும் கூட்டி வா. மயிலைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அடுத்த கண்காட்சிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். கடையில் நீ நிற்க வேண்டும், கேட்பவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டும். நான் பின்னால் பெட்டி தூக்குவேன், பேச மாட்டேன். கொஞ்சம் பேசுவேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
மாமன் இராமலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னாய். பெண், மாங்காய், ஊஞ்சல், எல்லாம் பார்த்தது. பாத்திரம் உருண்டதும் நிஜம். அந்த அம்மா சிரித்ததாகவும் சொன்னதாகவும் எழுதியது மட்டும் நான் சேர்த்தது. நீ அதை நம்பி மறுபடி அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு நன்றி சொல்லக் கிளம்பிவிடுவாய் என்று பயம் வந்துவிட்டது. "கைதானே முக்கியம்" என்று அவர் மார்ச்சிலும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. இந்தமுறை அதைச் சொன்னது நான்தான், அவர் முகத்துக்கு நேராக. மூத்தவளும் நின்று கேட்டாள். நான் வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டைச் சாத்திக்கொண்டார்.